பெயர் இல்லாத நாலு பேர்

ஞாயிற்றுக்கிழமை மாலை. வெயில் தாழ்ந்துவிட்டது.

மயிலாப்பூரில் இருந்து ஒரு குடும்பம் கடற்கரைக்குப் புறப்படுகிறது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். கலங்கரை விளக்கத்தின் அருகே இறங்கி, சுண்டல் வாங்கிக்கொண்டு, வடக்கு நோக்கி நடக்கிறார்கள்.

வழியெல்லாம் சிலைகள். அவ்வையார் நிற்கிறார். பாரதியார் நிற்கிறார். கண்ணகி நிற்கிறாள். 1968-ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்த சிலைகள் அவை. புதிதாக எழுத்துக் கூட்டப் பழகிய சின்னவள் ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே வருகிறாள்.

கடைசியில் மெரினாவின் வடகோடி வருகிறது. எதிரே சென்னைப் பல்கலைக்கழகம். அங்கே நாலு பேர் ஒரு பாறையோடு மல்லுக்கு நிற்கிறார்கள்.

சின்னவள் நின்றுவிட்டாள்.

"அப்பா, இவங்க பேரு என்ன?"

அப்பா விழிக்கிறார். அம்மாவைப் பார்க்கிறார். அம்மாவுக்கும் தெரியவில்லை.

தெரியாததில் வெட்கம் இல்லை. அந்த நாலு பேருக்கும் பெயரே கிடையாது! அதுதான் அந்தச் சிலையின் சிறப்பு.

பாறை நகருமா?

உழைப்பாளர் சிலை என்று ஊரெல்லாம் சொல்லும் சிலை அது. பஸ்ஸில் இடம் சொல்லி டிக்கெட் வாங்குகிறோம். நண்பரைச் சந்திக்க அடையாளம் சொல்கிறோம். ஆனால் அருகே போய் நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்?

ஒரு முறை உற்றுப் பாருங்கள்.

பெரிய பாறை ஒன்று. அதை அசைக்க நாலு பேர் பாடுபடுகிறார்கள். கழி கொடுத்து நெம்புகிறார்கள். இடுப்பில் கோவணம். காலில் செருப்பு இல்லை.

முதுகு வளைந்திருக்கிறது. தொடை நரம்பு புடைத்திருக்கிறது. ஒருவர் முகமும் நம்மைப் பார்க்கவில்லை. அவர்கள் கவனமெல்லாம் பாறைமீதே.

பாறை நகர்ந்துவிட்டதா? இல்லை. நகரப்போகிறது. அந்த ஒரு நொடியைத்தான் சிற்பி பிடித்து வைத்திருக்கிறார்.

இந்தச் சிலைக்கு அவர் வைத்த பெயர், உழைப்பின் வெற்றி.

வெற்றி என்றால் மாலை போட்டு, கை உயர்த்தி நிற்பார்கள் அல்லவா? இங்கே மாலை இல்லை. வேர்வைதான் இருக்கிறது.

வெண்கலம் யாருக்கு?

வெண்கலம் எளிதில் கிடைக்கும் பொருள் அல்ல. செம்பு வேண்டும், வெள்ளீயம் வேண்டும். உருக்க விறகும் கரியும் வேண்டும். கைதேர்ந்த வேலைக்காரர் வேண்டும். ஆகவே அந்தக் காலத்தில் யாருக்கும் எடுத்ததற்கெல்லாம் வெண்கலச் சிலை வார்த்துவிடவில்லை.

முதலில் தெய்வங்களுக்கு வார்த்தார்கள். சோழர் காலத்து நடராசரை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

பிறகு ஆட்சி செய்தவர்களுக்கு வார்த்தார்கள். தீவுத்திடல் அருகே குதிரைமேல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் சர் தாமஸ் மன்றோ. 1820 முதல் 1827 வரை சென்னை மாகாணத்தின் கவர்னர். இங்கிலாந்தில் செய்த அந்தச் சிலை 1839-ல் இங்கே நிறுவப்பட்டது.

தெய்வத்துக்கு வெண்கலம். கவர்னருக்கு வெண்கலம். கல் சுமக்கும் கூலிக்கு?

"கூலிக்காரனுக்குச் சிலையா?" என்று கேட்கத் தோன்றும்.

ஆனால் மயிலாப்பூர்க்காரர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். அவர்கள் வருஷந்தோறும் அதைக் கண்ணால் பார்க்கிறவர்கள்!

பங்குனியில் வரும் தொழிலாளிகள்

பங்குனி மாதம் கபாலீசுவரர் கோயிலில் பெரிய திருவிழா. அதில் எட்டாம் நாள் அறுபத்து மூவர் உற்சவம். நாலு மாட வீதியிலும் தலைகள்தான் தெரியும். எங்கே பார்த்தாலும் நீர்மோர்ப் பந்தல்.

அன்று 63 நாயன்மார்களின் உலோகத் திருவுருவங்கள் ஊர்வலமாக வரும். அவர்கள் எல்லோரும் அரசர்களா? பண்டிதர்களா? இல்லை.

திருநீலகண்டர் மண்பாண்டம் செய்தவர். திருக்குறிப்புத் தொண்டர் துணி வெளுத்தவர். அதிபத்தர் மீன் பிடித்தவர். நேசர் துணி நெய்தவர். நந்தனார் சேரியில் பிறந்து, கோயிலுக்குள் கால் வைக்க ஏங்கியவர்.

திருவொற்றியூர்க் கலியர் எண்ணெய் வணிகர். செல்வம் எல்லாம் கரைந்த பிறகு அவர் கூலிக்குச் செக்கு ஆட்டினார்.

அப்பர் சுவாமிகளை எப்படி அடையாளம் கண்டுகொள்கிறோம்? தோளில் சாய்ந்த உழவாரத்தைக் கொண்டு! புல் செதுக்கும் கருவி அது. ஏழாம் நூற்றாண்டில் கோயில் கோயிலாகப் போய்ப் புல்லும் முள்ளும் செதுக்கியவர் அவர். பாட்டுப் பாடிய பெரியவர் கையில் ஏடு கொடுக்காமல், வேலைக் கருவியைக் கொடுத்தார்கள் பழைய சிற்பிகள்.

ஆகவே உழைத்தவனுக்கு உலோகத்தில் உருவம் கொடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு.

நாயன்மார்களில் பெரும்பாலோர் கை கூப்பி நிற்கிறார்கள். குயவர் கையில் சக்கரம் இல்லை. வெளுப்பவர் கையில் துணி இல்லை. பக்தியால் பெருமை பெற்றதால் பக்திக் கோலம்.

கடற்கரை நாலு பேர் கை கூப்பவில்லை. கை வேலையில் இருக்கிறது. அவர்கள் பக்தரும் அல்லர், தலைவரும் அல்லர். வேலை செய்தார்கள். அந்த ஒன்றுக்காகவே அவர்களுக்கு வெண்கலம் கிடைத்தது.

குஸ்தி பழகிய சிற்பி

சிலை செய்தவர் யார்?

தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வங்காளத்தில் ரங்கபூர்ப் பக்கம் 1899-ல் பிறந்தவர். இன்று அந்த ஊர் வங்காள தேசத்தில் இருக்கிறது. ஓவியத்தில் அவருக்குக் குரு, புகழ்பெற்ற அவனீந்திரநாத் தாகூர்.

ராய் சௌத்ரி ஓவியத்தோடு நிற்கவில்லை. குஸ்தி பழகினார். வேட்டைக்குப் போனார். புல்லாங்குழல் வாசித்தார். கதைகளும் எழுதினார்.

குஸ்தி பழகியவருக்கு உடம்பின் கட்டுத் தெரியும். பாரம் இழுக்கும்போது எந்தச் சதை எழும், எந்த நரம்பு இறுகும் என்று புத்தகம் பார்க்க வேண்டியதில்லை.

1929-ல் சென்னை அரசாங்கக் கலைப் பள்ளிக்குத் தலைவராக வந்தார். எழும்பூரில் இன்று கவின் கலைக் கல்லூரியாக இருக்கிறதே, அதுதான். 1850-ல் டாக்டர் ஹண்டர் என்ற வெள்ளைக்காரர் தொடங்கிய பள்ளி. அதன் தலைமைக்கு வந்த முதல் இந்தியர் ராய் சௌத்ரி. 1957 வரை அங்கேயே இருந்தார். 1958-ல் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது.

மெரினாவில் உள்ள காந்தி சிலையும் இவர் செய்ததே. பாட்னாவில் 1942 போராட்டத்தில் சுடப்பட்டு இறந்த ஏழு மாணவர்களுக்கு நினைவுச் சிலை செய்தார். டில்லியில் தண்டி யாத்திரையைக் காட்டும் 11 உருவங்களும் இவர் படைப்பே. நம் உழைப்பாளர் சிலையைப் போன்ற ஒன்றும் டில்லி தேசிய நவீன கலைக்கூடத்தில் இருக்கிறது.

உழைப்பாளர் சிலைக்கு மாதிரியாக நின்றவர்கள் யார் தெரியுமா? பேர் பெற்ற பயில்வான்கள் அல்லர். கலைப் பள்ளியின் காவலாளி ஒருவர். அங்கே படித்த மாணவர் ஒருவர். இந்த இருவரின் உடம்புதான் நாலு பேராகியது என்று சொல்கிறார்கள்.

வாசலில் காவல் நின்றவர் கடற்கரையில் வெண்கலமாக நிற்கிறார்!

மேல்நாட்டிலும் ஒருவர்

மேல்நாட்டிலும் வெகுகாலம் அரசர்களுக்கும் தளபதிகளுக்குமே சிலை வைத்தார்கள். பெல்ஜியம் நாட்டில் கான்ஸ்டன்டின் மெனியே என்று ஒரு கலைஞர் இருந்தார். அவர் காலம் 1831 முதல் 1905 வரை. சுரங்கத்துக்கும் இரும்பு உலைக்கும் போய், அங்கே வேலை செய்தவர்களைப் பார்த்து மனம் இளகினார். ஐம்பது வயதுக்குமேல் மறுபடி சிலை செய்யத் திரும்பினார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரையும் சுரங்கத் தொழிலாளியையும் வெண்கலத்தில் வார்த்தார். அங்கேயும் பலருக்கு அது புதுமையாக இருந்தது.

வார்த்தவர்களும் தொழிலாளிகளே

வெண்கலச் சிலையை உளியால் செதுக்குவது இல்லை. உருக்கி வார்க்கிறார்கள்.

சுவாமிமலையில் இன்றும் பழைய முறை நடக்கிறது. தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து உருவம் பிடிக்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காய வைக்கிறார்கள். பிறகு சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். உள்ளே வெற்றிடம். அதில் உருகிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண்ணை உடைத்தால் சிலை!

ஒரு அச்சுக்கு ஒரே சிலை. தவறினால் மறுபடி மெழுகில் இருந்து தொடங்க வேண்டும்.

ஆள் உயரத்துக்கு மேற்பட்ட பெரிய சிலையைக் கெட்டியாக வார்ப்பது இல்லை. பாரம் தாங்காது, செலவும் தாங்காது. களிமண்ணில் உருவம் செய்து, அச்சு எடுத்து, உள்ளே கூடாக வார்க்கிறார்கள். பகுதி பகுதியாக வார்த்துச் சேர்ப்பதும் உண்டு.

உலைக்கு எதிரே நிற்பவருக்கு முகம் வேகும். கை தவறினால் உயிருக்கே ஆபத்து. உழைப்பைக் காட்டும் சிலை உருவாவதற்கும் எத்தனை பேர் உழைப்பு!

இந்த மணல் எப்படி வந்தது?

இன்னொரு செய்தி. மெரினாவில் நாம் கால் புதைய நடக்கிறோமே, இவ்வளவு அகலமான மணல் ஆதியில் இங்கே கிடையாது.

1875 டிசம்பரில் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கடலுக்குள் சுவர் எழுப்ப வேண்டும். பல்லாவரம் மலையில் கல் உடைத்துக் கொண்டுவந்தார்கள். கல்லைப் பெயர்த்து, நகர்த்தி, ஏற்றி, இறக்கிக் கடலில் போட்டார்கள். 1881-ல் பெரும்புயல் வந்து வேலையைப் பாழாக்கியது. மறுபடி கட்டினார்கள்.

நம் கரையோரமாக ஆண்டின் பெரும்பகுதி மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. துறைமுகச் சுவர் அதைத் தடுத்தது. தடுக்கப்பட்ட மணல் தெற்கே சேர்ந்தது. கரை வளர்ந்தது. மெரினா அகன்றது. துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வராமல் கடல் கரையை அரித்தது.

அன்று கல் நகர்த்தியவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்கள் போட்ட கல்லால் சேர்ந்த மணலில்தான் நம் பிள்ளைகள் வீடு கட்டி விளையாடுகிறார்கள்.

அந்தக் கடற்கரையில் கல் நகர்த்தும் நாலு பேரைத் தவிர வேறு யாருக்குச் சிலை பொருத்தம்?

அடையாறில் இருந்து வந்த வாடியா

சிலை நிற்கும் இடத்துக்கும் ஒரு கதை உண்டு.

பெரம்பூரில் பக்கிங்காம் கர்நாடிக் மில் இருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்தார்கள். விடிந்ததும் உள்ளே போனால் பொழுது சாய்ந்து வெளியே வருவார்கள். பகல் சாப்பாட்டுக்குக் கிடைத்த இடைவேளை உட்கார்ந்து உண்ணப் போதவில்லை.

அடையாறு தியசாபிகல் சங்கத்தைச் சேர்ந்த பி.பி.வாடியா அவர்கள் குறையைக் கேட்டார். 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர். திரு.வி.க. துணைத்தலைவர்களில் ஒருவர். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள்.

ஐந்து வருஷம் கழிந்தது. 1923 மே 1-ஆம் தேதி இந்தியாவின் முதல் மே தினம் சென்னைக் கடற்கரையில் நடந்தது. உயர்நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு கூட்டம். திருவல்லிக்கேணி கடற்கரையில் ஒரு கூட்டம். நடத்தியவர் சிங்காரவேலர். கடற்கரை மீனவர் குடும்பத்தில் பிறந்து, வக்கீலுக்குப் படித்தவர்.

மே தினம் எதற்காக? எட்டு மணி நேர வேலைக்காக.

1886-ல் அமெரிக்காவில் சிகாகோ முதலிய ஊர்களில் தொழிலாளர்கள் அதற்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். ரத்தம் சிந்தியது. சிலர் தூக்கில் போடப்பட்டார்கள். அந்த நினைவில் வந்தது மே தினம். நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது.

1923-ல் கூட்டம் நடந்த கடற்கரையில்தான், 1959 ஜனவரி 25-ஆம் தேதி, உழைப்பாளர் சிலை வைக்கப்பட்டது. அப்போது முதலமைச்சர் காமராசர். சிறு வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு, விருதுநகரில் மாமாவின் துணிக்கடையில் வேலை செய்தவர் அவர்.

காமராசர் கடைசிவரை குடியிருந்தது தியாகராய நகர் திருமலைப்பிள்ளை சாலை வீட்டில். 1975 அக்டோபர் 2-ஆம் தேதி அங்கேயே காலமானார். அதே மாதத்தில் ராய் சௌத்ரியும் காலமானார். சிலை வைத்த அரசின் தலைவரும் சிலை செய்தவரும் ஒரே மாதத்தில் மறைந்தார்கள்!

நின்றே தீரும் பொழுது

"இப்போது பாறை தள்ள இயந்திரம் வந்துவிட்டது. இனி அந்தச் சிலை எதற்கு?" என்று யாராவது கேட்கலாம்.

தியாகராய நகரில் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிறோம். கடைப் பெண் நூறு புடவையைப் பிரித்துப் போடுகிறாள். நாம் உட்கார்ந்து பார்க்கிறோம். அவள் நின்றுகொண்டு காட்டுகிறாள். காலையில் வந்தவள் இரவுவரை நிற்கிறாள். கால் வீங்கும், நரம்பு சுருளும். வீட்டுக்குப் போய் வெந்நீரில் காலை வைத்தால்தான் தூக்கம்.

2021-ல் தமிழக சட்டசபை ஒரு சட்டத் திருத்தம் செய்தது. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்பதே அது. இதற்கு முன்பே கேரளா இப்படிச் செய்திருந்தது. உட்காருவதற்கு ஒரு சட்டம் வேண்டியிருந்தது!

2023 ஏப்ரலில் வேறொரு மசோதா சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சாலைகளில் 12 மணி நேரம்வரை வேலை வைக்க அது இடம் கொடுத்தது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மே 1-ஆம் தேதி, அந்த மசோதா திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். சிங்காரவேலர் கூட்டம் நடத்திச் சரியாக 100 வருஷம் ஆகியிருந்தது.

எட்டு மணி நேரம் என்ற பாறை ஒரு முறை நகர்த்தினால் போதும் என்று இருக்கவில்லை. மறுபடி கை கொடுக்க வேண்டியிருந்தது.

அதே 2023-ல் இன்னொன்றும் நடந்தது. மெட்ரோ ரெயில் வேலையால், காந்தி சிலை அருகே நடந்துவந்த குடியரசு தின விழாவை உழைப்பாளர் சிலை அருகே மாற்றினார்கள். கவர்னரும் முதலமைச்சரும் வந்தார்கள். பட்டாளம் அணிவகுத்தது. கோவணம் கட்டிய நாலு பேர் பக்கத்தில் பாறையை நெம்பிக்கொண்டே இருந்தார்கள்.

சின்னவளுக்குப் பதில்

கடல்காற்றில் உப்பு உண்டு. செம்பு கலந்த உலோகத்தை அது சும்மா விடாது. வீட்டில் பித்தளைக் குடம் களிம்பு ஏறினால் அம்மா புளி போட்டுத் தேய்க்கிறாள். சிலைக்குப் புளி போட முடியாது. அது வெயிலிலும் மழையிலும் கறுத்து நிற்கிறது. ஒவ்வொரு மே தினத்திலும் தொழிலாளர்கள் அங்கே கூடுகிறார்கள்.

அடுத்த ஞாயிறு கடற்கரைக்குப் போனால் ஐந்து நிமிஷம் அங்கே நில்லுங்கள். முன்னால் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். சுற்றி வந்து முதுகையும் பாருங்கள். பாரம் தூக்கியவனின் கதை முதுகில்தான் இருக்கும்.

பிள்ளை பெயர் கேட்டால் விழிக்க வேண்டாம். நம் குடும்பத்தில் ஏர் பிடித்தவர், மூட்டை தூக்கியவர், தறி ஓட்டியவர், கல் உடைத்தவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு தாத்தாவோ ஒரு பாட்டியோ கட்டாயம் இருப்பார்.

அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.